புளிப்பில்லாமல் இருபது அப்பம்

தென்காசியில் இறங்க வேண்டிய நான் செங்கோட்டையில் இறங்கினேன். குற்றம் முழுக்க என்னுடையது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். சென்னையிலிருந்து எதிர் பெர்த்துக்காரர் ஒரே சீராகக் குறட்டை விட்டுக்கொண்டு வந்தார். விடிகிற சமயத்தில் அவர் நிறுத்தினார், நான் ஆரம்பித்தேன். ரயில் இதற்கு மேல் போகாது என்று பெட்டி கூட்டுகிறவர் காலைத் தட்டிச் சொன்னபோது ஜன்னலுக்கு வெளியே மலை, மேகம், முகத்தில் பூவாக விழுகிற சாரல்.

தங்கை ரஞ்சிதத்துக்குப் போன் போட்டேன்.

"செங்கோட்டைக்கா போயிட்டிய? மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை எல்லையிலேயே மடக்கி வேதபாடம் எடுக்கலாம்னா?"

காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். விஷயம் இதுதான். ரஞ்சிதத்தின் ஒரே மகள் பிளெஸ்ஸி, திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். அதே ஆஸ்பத்திரியில் லேபில் வேலை பார்க்கிறவன் ஷிபு, புனலூர்ப் பையன். இரண்டு பேரும் நான்கு வருஷமாகப் பழகி, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்து, இப்போதுதான் பேச்சு முடிக்கிற கட்டத்துக்கு வந்திருக்கிறது. நாங்கள் தமிழ்ப் புராட்டஸ்டண்டுகள். அவர்கள் மலையாள ஆர்த்தடாக்ஸ் சபை. நடுவழியில் சந்திப்போம் என்று முடிவாகி, சீசனும் நன்றாக இருந்ததால் குற்றாலத்தில் மூன்று நாளைக்கு ஒரு வீடு எடுத்திருந்தாள் ரஞ்சிதம். அவள் வீட்டுக்காரருக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. ஆகவே பெண் வீட்டுக்குப் பெரிய மனுஷன் தாய்மாமனாகிய நான். நான் இல்லாமல் பேச்சை முடிக்க முடியாது. என்னை வைத்துக்கொண்டும் முடிக்க முடியாது என்பது ரஞ்சிதத்தின் கட்சி.

"மூணு நாளைக்கு வேதம் பேசாதிய அண்ணே. மழையைப் பத்திப் பேசுங்க, சாப்பாட்டைப் பத்திப் பேசுங்க. கர்த்தர் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டார்."

அவள் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. சென்னையில் எங்கள் சபையில் இருபத்திரண்டு வருஷமாக வேதபாட வகுப்பு எடுக்கிறேன். என் பெயர் சொல்லும் பாடம் ஒன்று இருக்கிறது: 'புளித்த மா', வேதத்தில் மாவைப் புளிக்க வைக்கிற புளிப்பு வருகிற இடங்களைப் பற்றியது. இதற்காகத் தாம்பரம் வரை கூப்பிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பக் கூப்பிட்டதில்லை, அது வேறு விஷயம்.

செங்கோட்டையிலிருந்து பஸ். முன்சீட்டில் ஒரு மலையாளக் குடும்பம். சாரல் உள்ளே அடித்ததும் கணவர் ஷட்டரை இறக்கினார். மனைவி ஏதோ சொன்னார், பின்சீட்டு முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "அருவியில நனையறதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம், தூறலுக்கு எதுக்கு இந்தப் பயம்னு கேக்கா." நியாயமான கேள்வி. குற்றாலத்துக்கு வருகிற பாதிப் பேர் கையில் குடை இருக்கிறது. தலையோடு காலாக நனைவதற்கு வரிசையில் நிற்கும்போது, தலை நனையாமல் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

தென்காசியில் ரஞ்சிதமும் பிளெஸ்ஸியும் காத்திருந்தார்கள். மத்தியானம் அங்கேயே புரோட்டா, நாட்டுக்கோழி சால்னா. சென்னையில் புரோட்டா என்ற பெயரில் கிடைப்பதைச் சாப்பிட்டுவிட்டு இங்கே வந்தால் முப்பது வருஷம் வீணாகப் போன துக்கம் வருகிறது. மாஸ்டர் மாவை வீசி அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு எந்த மாவைப் பார்த்தாலும் எகிப்துதான் ஞாபகம் வரும். இஸ்ரவேல் ஜனங்கள் அடிமைத்தனத்திலிருந்து கிளம்புகிறார்கள்; மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை; பிசைந்த மாவைத் துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த அவசரத்தின் ஞாபகமாகத்தான் வருஷா வருஷம் ஏழு நாள் புளிப்பில்லாத அப்பம். இதைப் பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்ல வாய் துடித்தது. ரஞ்சிதம் என் தட்டில் இன்னொரு புரோட்டாவை வைத்து வாயை அடைத்தாள்.

சாயங்காலம் குற்றாலம். வாடகை வீடு ஐந்தருவி போகிற வழியில். மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், காலைச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தது. "மலையாளிகள்தானே, அப்பம் சொல்லிவிடுவோம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். சாப்பாட்டு விஷயம்தானே, ரஞ்சிதமும் விட்டுவிட்டாள். அங்கேதான் சனி பிடித்தது.

நாலு வீடு தள்ளி ஒரு மெஸ். நடத்துகிறவர் சுடலைமுத்து, நாற்பது வயது, தோளில் எப்போதும் துண்டு.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு இருபது அப்பம் வேணும். புனலூர்லேர்ந்து சம்பந்திங்க வர்றாங்க."

"ஜமாய்ச்சிருவோம் அண்ணாச்சி. தேங்காய்ப்பால் தனியா தந்துருதேன்."

"சரி. அப்பம் புளிப்பில்லாம இருக்கட்டும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னை நானே பலமுறை கேட்டாகிவிட்டது. எங்கள் தமிழ் வேதத்தில் எல்லா ரொட்டிக்கும் பெயர் அப்பம்தான். வாற்கோதுமையில் சுட்டாலும் அப்பம், வானத்திலிருந்து விழுந்தாலும் அப்பம். இருபத்திரண்டு வருஷமாக நான் 'அப்பம்' என்று வாயைத் திறந்தாலே முன்னால் 'புளிப்பில்லாத' வந்து உட்கார்ந்துகொள்ளும். நாக்குப் பழக்கம்.

"ஒரு பொட்டுப் புளிப்பு இருக்காது அண்ணாச்சி. இருந்தா என் பேரை மாத்திக்கிடுதேன்" என்றார் சுடலைமுத்து.

இரண்டாம் நாள் காலை புனலூர்க் கார் வந்து நின்றது. ஷிபுவின் அப்பா தோமாச்சன், கேரளத்தில் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை, பேச்சில் அவசரமில்லை. அம்மா ஏலியாம்மா, இறங்கியதும் நேராக பிளெஸ்ஸியிடம் போய்க் கன்னத்தைத் தடவினார். ஷிபு எல்லோருக்கும் பின்னால் பலாப்பழத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் இருபது கொல்லம் தெங்காசி பஸ் ஓட்டினதாக்கும், சாரே. அதான் தமிழ் கொஞ்சம் ஒட்டிக்கிட்டது" என்றார் தோமாச்சன். கொல்லம் என்றால் வருஷம். எனக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. மழையைப் பற்றிப் பேசினோம். மலைப்பாதை வளைவுகளைப் பற்றிப் பேசினோம். ரஞ்சிதத்தின் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

அப்போது அப்பம் வந்தது.

சுடலைமுத்துவே பாத்திரத்தோடு வந்து பரிமாறினார். தட்டில் விழும்போது சத்தம் கேட்டது. நடுவில் பஞ்சு போல் எழும்பி நிற்க வேண்டிய அப்பம் தட்டையாக, வெள்ளையாக, தோல் மாதிரி கிடந்தது. ஷிபு ஒன்றைப் பிய்க்கப் பார்த்தான். அது அவனைப் பிய்க்கப் பார்த்தது.

"என்னய்யா இது?" என்று அவரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"நீங்க சொன்னபடிதான் அண்ணாச்சி. ராத்திரி அரைச்சு வச்சா புளிச்சிரும்லா? அதான் காலையில அஞ்சு மணிக்கு எந்திச்சு, அரைச்ச கையோட ஊத்திட்டேன். புளிக்கதுக்கு மாவுக்கு நேரமே குடுக்கல."

எகிப்திலிருந்து கிளம்பினவர்களும் இதைத்தான் செய்தார்கள். அவரை நான் எப்படித் திட்ட முடியும்?

ஏலியாம்மா மட்டும் தட்டைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார். "இது நான் பிறந்த கோட்டயத்து வீட்டில் பண்ணுகிற பெஸஹா அப்பம் போலயிருக்கு. பெரிய வியாழன் அன்னைக்குப் புளிக்காத மாவில் செய்து, அப்பச்சன் பிரார்த்தனை பண்ணி எல்லாருக்கும் முறிச்சுத் தருவார்."

பெஸஹா என்றால் பஸ்கா, எகிப்தை விட்டுக் கிளம்பிய ராத்திரியின் பண்டிகை. என் பாடத்தின் முதல் பக்கம். மேஜைக்கு அடியில் ரஞ்சிதம் என் காலை மிதித்தாள். மிதித்ததும் நிற்பதற்கு என் கால் என்ன பிரேக்கா?

ஆரம்பித்தேன். ஏழு நாளும் வீட்டில் புளித்த மா இருக்கக் கூடாது, மூலை முடுக்கெல்லாம் தேடி எறிய வேண்டும். புளித்ததைத் தின்றவன் ஜனத்திலிருந்தே நீக்கப்படுவான். பலிபீடத்தில் எரிக்கிற காணிக்கையில் புளிப்பு சேரக் கூடாது. பரிசேயருடைய புளித்த மாவைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று இயேசு சொன்னது அவர்களுடைய மாய்மாலத்தைத்தான். கொஞ்சம் புளித்த மா பிசைந்த மாவு முழுவதையும் கெடுத்துவிடும், பழையதைக் கழித்துப்போடுங்கள் என்று பவுல் எழுதியது. அரை மணி நேரம். தேங்காய்ப்பால் ஆறிப்போனது. கடைசியில் மேஜையைத் தட்டி, "ஆகமொத்தம் வேதத்தில் புளிப்பு என்றால் பாவம்!" என்று முடித்தேன். தாம்பரத்தில்கூட அவ்வளவு நன்றாகப் பேசினதில்லை.

தோமாச்சன் கையில் இருந்த துண்டைத் தட்டில் வைத்தார்.

"சாரே, எங்க பள்ளியில் குர்பானைக்கு வைக்கிற அப்பம் புளிச்ச மாவாக்கும். அது பாவமோ?"

பள்ளி என்றால் அவர்களுக்குத் தேவாலயம், குர்பானை என்றால் நாங்கள் சொல்கிற திருவிருந்து. கிழக்கத்திச் சபைகளில் புளித்த அப்பம்தான் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அந்த நேரத்தில் மூளை உள்ளவன் என்ன சொல்லியிருப்பான்? சேச்சே, உங்களைச் சொல்லவில்லை என்று சொல்லியிருப்பான். நான் சொன்னது இது:

"நான் சொல்லலை. வேதம் சொல்லுது."

"புளிக்காத மாவு செத்த மாவு, சாரே. உயிரோட எழுந்தவருக்கு வைக்கிற அப்பத்தில் உயிர் வேண்டாமா?" அவர் குரலை உயர்த்தவில்லை. எழுந்து கை கழுவினார். "மோளை எங்க பள்ளிக்கு அனுப்ப மனசில்லைன்னா நேரா சொல்லலாம். இத்தனை வசனம் வேண்டாம். நாளைக்கு உச்சைக்கு நாங்க ஊருக்குப் போகும்."

தாங்கள் அறை எடுத்திருந்த லாட்ஜுக்குப் போய்விட்டார்கள். ஷிபு போகும்போது திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். பலாப்பழம் மட்டும் வாசலில் இருந்தது.

ரஞ்சிதம் குவைத்துக்குப் போன் போட்டு ஒன்று விடாமல் ஒப்பித்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள். "மச்சான், நான் வேலையை விட்டுட்டு வந்துரட்டா?" என்று கேட்டார் அவள் வீட்டுக்காரர். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

மத்தியானம் பிளெஸ்ஸி தட்டைத் தொடவில்லை. சாயங்காலமும் ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டாள். பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போய், "மாமா மேல கோவமாம்மா?" என்று கேட்டேன். அறிவுகெட்ட கேள்வி.

"கோவம் எதுக்கு மாமா? நீங்கதான் ஜெயிச்சிட்டியளே." மடித்த சேலையை உதறி மறுபடி மடித்தாள். "அவங்க அப்பாவை 'சரி'ன்னு சொல்ல வைக்கதுக்கு ஷிபுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. எங்க அம்மாவைச் சொல்ல வைக்கதுக்கு எனக்கு ரெண்டு வருஷம். நீங்க அரை மணி நேரத்துல முடிச்சு வச்சிட்டிய. இனி நான் யார்ட்ட போய்ப் பேச?"

அவளைக் கைக்குழந்தையாகத் தூக்கி வைத்துக்கொண்டு ஞானஸ்நானத்துக்கு நின்றவன் நான். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அதைப் பார்த்து அவள் ஒன்றும் இளகிவிடவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே லாட்ஜுக்குப் போனேன். ஷிபு வெளியே நின்றான். "அப்பச்சன் எண்ணெய் தேய்க்கப் போயிருக்கு, அங்கிள்" என்றான். பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களின் வரிசை. நாலாவது பலகையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார் தோமாச்சன், மூடிய கண்களில் எண்ணெய் வழிய. பக்கத்துப் பலகை காலி.

"தோமாச்சன்..." என்று ஆரம்பித்தேன்.

தேய்க்கிறவர் தடுத்தார். "இங்கன சும்மா நிக்கப்படாது அண்ணாச்சி. பேசணும்னா பலகையில உக்காருங்க. உக்காந்தா எண்ணெய் உண்டு."

வேறு வழி? சட்டையைக் கழற்றி, துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இன்னொருவர் வந்து உச்சந்தலையில் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயைக் கவிழ்த்தார்.

"நேத்து நான் பேசினது தப்பு. உங்களை மனசுல வச்சு..." பளாரென்று முதுகில் ஒரு அறை. "...சொல்லலை."

"தலையைக் குனிங்க அண்ணாச்சி."

"மன்னிச்சிடுங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

தோமாச்சன் கண்ணைத் திறக்கவில்லை. அறைகிற சத்தம் மட்டும்.

"சாரே, ஒரு காரியம் சோதிக்கட்டே?"

மலையாளத்தில் சோதிக்க என்றால் கேட்க. எனக்குத் தமிழில்தான் காதில் விழுந்தது. இரண்டும் சரியாகத்தான் இருந்தது.

"உங்களுக்கு வேதம் நல்லா அறியும். எனக்கு பஸ்ஸில் வளையம் பிடிக்க மட்டும்தான் அறியும். அதனால் கேட்கிறேன். புளிச்ச அப்பம் கொண்டா என்று தெய்வம் எங்கேயும் சொல்லலையா? ஒரு இடத்தில்கூட?"

தலை நிறைய எண்ணெய். கண் எரிந்தது. பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"இருக்கு" என்றேன். "மூணு இடம். அறுப்பு தொடங்கி ஏழு வாரம் கழிச்சு வர்ற பண்டிகையில, புதுத் தானியத்துல புளிச்ச மாவு போட்ட ரெண்டு அப்பம் கொண்டுவரச் சொல்லியிருக்கு. அப்புறம் பரலோக ராஜ்யமே ஒரு பொம்பளை மூணு படி மாவுக்குள்ள அடக்கி வச்ச புளித்த மா மாதிரின்னு இயேசு சொன்னது. மூணாவது, சமாதானபலி. நன்றி சொல்ல வர்றவன் புளிப்பில்லாத அதிரசம், புளிப்பில்லாத அடை, அதோட கூடப் புளிச்ச அப்பமும் வைக்கணும்."

"வேதத்துல அதிரசம் இருக்கா அண்ணாச்சி?" என் முதுகில் இருந்த கை நின்றது.

"இருக்குப்பா. அடையும் இருக்கு."

"நல்ல வேதமாத்தான் இருக்கு" என்று அவர் மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

தோமாச்சன் இப்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஒரே தட்டில் ரெண்டுமா?"

"ஒரே காணிக்கையில ரெண்டும்."

"பின்னே நேத்து ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா தோத்திருப்பேன்." இதைச் சொல்லும்போது குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் மறுபடி சத்தமாகச் சொன்னேன். "இருபத்திரண்டு வருஷமா இந்த மூணு இடத்தையும் பாடத்துல விட்டுட்டுத்தான் பேசுறேன். சேர்த்தா பாடம் அழகா முடியாது. கடைசியில மேஜையைத் தட்ட முடியாது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. குலுங்கிக் குலுங்கி வந்தது. பலகை ஆடியது.

"சாரே, மலைப்பாதை வளைவில் எதிரே லாரி வந்தா யாராவது ஒருத்தன் பின்னால் எடுக்கணும். நான் எடுத்ததே கிடையாது. ஹாரன் அடிச்சுக்கிட்டே நிற்பேன். உள்ளே இருக்கிற பாசஞ்சர் எல்லாம் ஏசுவாங்க. நேத்து லாட்ஜில் ஏலியாம்மாவும் ஏசினாள், இங்கேயும் ஹாரன் அடிச்சுட்டு வந்தாச்சான்னு." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க பின்னால் எடுத்தாச்சு. நானும் கொஞ்சம் எடுக்கிறேன். கல்யாணம் எங்க பள்ளியில் நடக்கட்டும். அதுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை எங்கே போகணும்னு பிள்ளைகள் தீர்மானம் பண்ணட்டும். என்ன சொல்றீங்க?"

தலையாட்டினேன். எண்ணெய் அவர் மேல் தெறித்தது.

"ரெண்டு பேரும் பின்னால எடுத்தா ரோடு சும்மா கெடக்கும்லா, எந்திச்சு அருவிக்குப் போங்க. அடுத்த ஆள் நிக்கி" என்றார் தேய்க்கிறவர்.

இரண்டு பேரும் சேர்ந்து பேரருவியில் நின்றோம். சென்னையில் குழாயில் நூலாக வருகிற தண்ணீருக்குப் பழகிய உடம்பு எனக்கு. தலையில் யாரோ மூட்டை மூட்டையாக அரிசியை இறக்குகிற மாதிரி இருந்தது. தோமாச்சன் ஏதோ கத்தினார். கேட்கவில்லை. நானும் ஏதோ கத்தினேன்.

வீட்டுக்கு வந்து பிளெஸ்ஸியிடம் சொன்னேன். அவள் உடனே நம்பவில்லை.

"நெசமாவே தோத்துட்டியளா மாமா?"

"எண்ணெயைத் தடவிக்கிட்டுத் தோத்தேன். பார்த்த சாட்சி ரெண்டு பேர் இருக்காங்க."

அவள் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். உடனே ஷிபுவுடன் போனில் பேசுகிற சத்தம் கேட்டது.

மத்தியானம் எங்கள் வாடகை வீட்டில் எல்லோரும் ஒரே பந்தியாக உட்கார்ந்தோம். சாப்பாடு சுடலைமுத்து மெஸ்ஸிலிருந்து, பரிமாறியதும் அவரே. சோறு, அயிரை மீன் குழம்பு, அவியல், கடைசியில் தோமாச்சன் கையாலேயே அரிந்த பலாச்சுளை. இலையில் எல்லாம் வந்த பிறகு, "சார் பிரார்த்தனை பண்ணட்டும்" என்றார் அவர். ரஞ்சிதம் சட்டென்று நிமிர்ந்தாள். சாப்பாட்டுக்கு முன் நான் ஜெபம் செய்தால் ஆதாமில் தொடங்கி அப்போஸ்தலர் வழியாக இலைக்கு வந்து சேருவதற்குள் ரசம் உறைந்துவிடும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. எல்லோரும் கண்ணை மூடித் தலை குனிந்தார்கள். சுடலைமுத்துகூடக் குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம். ஆமென்" என்றேன்.

ஒருவரும் நிமிரவில்லை. மிச்சம் வரும் என்று காத்திருந்தார்கள். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். நேற்று மத்தியானத்திலிருந்து பட்டினி கிடந்த பிளெஸ்ஸி மட்டும் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.